குளச்சல் போர் குளச்சலில் தொடங்கவில்லை

குளச்சல் கடற்கரையில் நிற்கும் வெற்றித்தூணைக் காட்டி, அது எதற்கென்று நம் குமரி மாவட்டத்தில் யாரைக் கேட்டாலும் கிடைப்பது ஒரே பதில்தான். மிளகுக்கு ஆசைப்பட்ட டச்சுக்காரன் கப்பலேறி வந்தான், நம் கரையில் இறங்கி ஊர்களைச் சூறையாடினான், மார்த்தாண்டவர்மா மகாராஜா அவனைத் தோற்கடித்துச் சரணடைய வைத்தார். பள்ளிக்கூடத்திலும் இதுதான், விழா மேடையிலும் இதுதான், சுற்றுலாப் பயணிகளுக்கு உதயகிரிக் கோட்டையில் சொல்லப்படுவதும் இதுதான். போரை யார் தொடங்கியது என்ற கேள்விக்கே இதில் இடமில்லை. கடல் தாண்டி வந்தவன் தொடங்கினான், சொந்த மண்ணில் நின்றவர் தடுத்தார் என்பதோடு விசாரணை முடிந்துவிடுகிறது.

இந்தக் கருத்தை மறுக்கிறவன், முதலில் அதற்குரிய பலத்தோடு அதைச் சொல்லியாக வேண்டும். டச்சு கிழக்கிந்தியக் கம்பெனி ஆயுதம் தாங்கிய வியாபாரக் கம்பெனி. 1660களில் போர்த்துக்கீசியரிடமிருந்து கொல்லத்தையும் கொச்சியையும் பிடித்த நாள்முதல், தனக்கு மட்டுமே மிளகு விற்க வேண்டும் என்று மலையாளக் கரையின் அரசுகளிடம் ஒப்பந்தம் எழுதி வாங்கியது. அந்த ஒப்பந்த விலைகள் விளைவித்தவனுக்கு நியாயம் செய்தவை அல்ல. இலங்கையின் டச்சு கவர்னர் வான் இம்ஹோப் 1739இல் மலபாருக்கு வந்து மார்த்தாண்டவர்மாவை நேரில் மிரட்டினார். திரும்பிப் போய், திருவிதாங்கூர்மீது படைபலத்தைப் பயன்படுத்த வேண்டும் என்று மேலிடத்துக்கு எழுதினார். அவர்களுடைய கப்பல்கள் குளச்சலுக்கு வந்தன. கரையோர ஊர்கள் சூறையாடப்பட்டன. மறுபக்கம், சின்னச் சின்ன நாடுகளாகச் சிதறிக் கிடந்த தேசத்தை ஒன்றாக்காமல் அந்நியனை எதிர்த்து நின்றிருக்க முடியாது, அதைச் செய்தவர் மார்த்தாண்டவர்மா என்கிறார்கள்.

இவற்றுள் டச்சுக்காரர்களைப் பற்றிச் சொல்லப்படும் எதையும் நான் மறுக்கவில்லை. மறுப்பது முடிவைத்தான். டச்சுக் கம்பெனி கெட்டது என்பதிலிருந்து, போரைத் தொடங்கியது டச்சுக் கம்பெனி என்று எப்படி வரும்? இந்தப் போருக்கு முதல் பொறுப்பு திருவிதாங்கூர் அரசுடையது என்பதே என் வாதம். நம்பிக்கையோடு சொல்கிறேன், ஏனென்றால் இதற்கான ஆதாரத்தைத் தேடி ஹாலந்துக்குப் போக வேண்டிய தேவை இல்லை. 1878இல் சங்குண்ணி மேனோனும் 1906இல் நாகமய்யாவும் எழுதிய திருவிதாங்கூர் வரலாறுகளே போதும். இருவரும் திருவிதாங்கூர் அரசில் திவான் பேஷ்கார் பதவி வகித்தவர்கள், மன்னர் குடும்பத்தின்மேல் பக்தி கொண்டவர்கள். அவர்கள் தரும் நிகழ்ச்சி வரிசையை வரிசையாகவே படித்தால் போதும்.

1. போர் எங்கே தொடங்கியது?

வேணாடு என்ற பழைய அரசு பல கிளைகளாகப் பிரிந்திருந்த காலம் அது. திருப்பாப்பூர் கிளையே பின்னால் திருவிதாங்கூர் ஆனது. கொல்லத்தில் தேசிங்கநாடு, கொட்டாரக்கரையில் இளையிடத்து சொரூபம் ஆகியவை மற்றக் கிளைகள். அவற்றுக்கு வடக்கே தனி அரசாகக் காயங்குளம். 1729இல் பட்டத்துக்கு வந்த மார்த்தாண்டவர்மா, உள்நாட்டில் தம்மை எதிர்த்த தம்பிமாரையும் எட்டுவீட்டுப் பிள்ளைமார் என்ற பிரபுக்களையும் அடக்கினார். அது அவர் நாட்டு விஷயம், அதை இங்கே விட்டுவிடுகிறேன். அடுத்துச் செய்ததுதான் நமக்கு வேண்டியது. 1730களின் தொடக்கத்திலேயே கொல்லத்தின்மேல் படை போனது. தோற்ற கொல்லத்து அரசரைத் திருவனந்தபுரத்துக்குக் கொண்டுவந்து, அவருக்குப் பிறகு நாடு திருவிதாங்கூருக்கே சேரும் என்று எழுதி வாங்கினார்கள். அடுத்தது காயங்குளத்தோடு போர். 1734இல் காயங்குளத்து அரசர் போர்க்களத்திலேயே கொல்லப்பட்டார். பிறகு கொட்டாரக்கரை. அங்கே அரசர் இறந்ததும், அடுத்து வரவேண்டிய ராணியின் வாரிசுரிமையை மார்த்தாண்டவர்மா ஏற்க மறுத்து நாட்டை எடுத்துக்கொண்டார். ராணி தெக்கும்கூரில் போய் அடைக்கலம் புகுந்தார்.

இதுவரை ஒரு டச்சுச் சிப்பாய்கூடத் திருவிதாங்கூர் மண்ணில் கால் வைக்கவில்லை. குளச்சலில் ஒரு குண்டு விழவில்லை. ஆனால் மூன்று அண்டை நாடுகள் தாக்கப்பட்டுவிட்டன, ஓர் அரசர் உயிர் இழந்துவிட்டார், ஒரு ராணி நாடிழந்து அலைகிறார். இவ்வளவும் நடந்தபின் 1739இல்தான் வான் இம்ஹோப் வருகிறார். அவர் வைத்த முதன்மையான கோரிக்கை, கொட்டாரக்கரையை ராணியிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது. மன்னர் மறுத்தார். பேச்சு முற்றியது. படையெடுப்பேன் என்று அவர் மிரட்ட, முஞ்சி வள்ளங்களில் மீனவரை ஏற்றிக்கொண்டு ஐரோப்பாமேல் படையெடுக்க நானும் யோசித்துக்கொண்டிருக்கிறேன் என்று மன்னர் பதில் சொன்னார். இந்தப் பதிலை நம்மூர்ப் பேச்சாளர்கள் பெருமையோடு சொல்கிறார்கள். பெருமைப்படத்தக்க பதில்தான். ஆனால் எந்தக் கேள்விக்குச் சொன்ன பதில் அது? பக்கத்து நாட்டு ராணியின் நாட்டைத் திருப்பிக் கொடுப்பாயா என்ற கேள்விக்கு. அதை யாரும் சொல்வதில்லை.

பிறகு நடந்ததும் வடக்கேதான். கொல்லம், கொட்டாரக்கரைப் பக்கம் டச்சுப் படை இறங்கியது. ராணியை மறுபடி கொட்டாரக்கரையில் அமர்த்தினார்கள். மார்த்தாண்டவர்மா படை அனுப்பி அந்நாட்டை இரண்டாம் முறையும் பிடித்தார். ராணி கொச்சிக்கு ஓடி, டச்சுக்காரர் கொடுத்த படிப்பணத்தில் எஞ்சிய காலத்தைக் கழித்தார். குளச்சல் இந்தத் தொடரின் பிற்பகுதி. 1741 ஆகஸ்டில் டச்சுத் தளபதி டி லனாயும் அவர் ஆட்களும் சரணடைந்த நாளைப் போரின் தொடக்கமாகவும் முடிவாகவும் ஒரே நாளில் சுருக்கிக்கொண்டு, அதற்கு முந்திய பத்தாண்டுகளை நாம் மறந்திருக்கிறோம்.

2. அது குடும்பச் சண்டைதானே?

இதுதான் எனக்குப் பெரும்பாலும் சொல்லப்படும் பதில். கொல்லமும் கொட்டாரக்கரையும் வேணாட்டுக் குடும்பத்தின் கிளைகள், ஒரே தாய்வழியில் வந்தவர்கள், அங்கே நடந்தது சொத்துப் பிரச்சினையே தவிர நாட்டுக்கு நாடு போர் அல்ல, அதில் மூன்றாவது ஆள் தலையிட்டதுதான் போர் என்கிறார்கள்.

இரத்த உறவு அரசுரிமை தராது. இந்தக் கிளைகள் தலைமுறை தலைமுறையாகத் தனித்தனியே வரி வாங்கின, தனித்தனியே படை வைத்திருந்தன, வெளியாரோடு தனித்தனியே ஒப்பந்தம் செய்தன. டச்சுக்காரர் கொல்லத்தோடும் காயங்குளத்தோடும் திருவிதாங்கூரோடும் வெவ்வேறாகவே கையெழுத்து வாங்கினார்கள், அப்போது திருவிதாங்கூர் அதை ஆட்சேபிக்கவில்லை. பிடிக்கிற நாளில் மட்டும் அது எங்கள் வீட்டுச் சொத்து என்றால் எப்படி ஏற்பது? தவிர, குடும்ப வாதம் காயங்குளத்துக்கு எப்படிப் பொருந்தும்? தெக்கும்கூருக்கு, அம்பலப்புழைக்கு? அவற்றையும் பின்னால் பிடித்தார்களே.

நம் காலத்திலேயே இந்த வாதத்தைக் கேட்டிருக்கிறோம். 1990 ஆகஸ்டில் சதாம் உசேன் குவைத்துக்குள் படை அனுப்பியபோது, குவைத் ஒரு காலத்தில் பாஸ்ராவைச் சேர்ந்த பகுதி என்றுதான் ஈராக் சொன்னது. அதைத் தன் 19ஆவது மாகாணம் என்றும் அறிவித்தது. அமெரிக்கா எண்ணெய்க்காகவே வந்தது என்று உலகம் முழுக்கப் பேசினார்கள், நம்மூர்த் தேநீர்க்கடைகளிலும் பேசினார்கள். அது பெருமளவு உண்மையாகவும் இருக்கலாம். அதனால் குவைத்தை ஈராக் தாக்கவில்லை என்று ஆகிவிடுமா?

3. பிள்ளைமார் சதியும் சுற்றிலும் பகையும்

எதிர்த்தரப்பில் இருப்பதிலேயே வலுவான வாதம் இதுதான் என்பதால் கொஞ்சம் நின்று பேச வேண்டும். மார்த்தாண்டவர்மா ஏறியது அமைதியான சிம்மாசனத்தில் அல்ல. உயிருக்குத் தப்பி ஒளிந்து திரிந்த இளவரசர் அவர். அவருக்கு முந்திய அரசர்கள் சொந்தப் பிரபுக்களை அடக்க முடியாமல் மதுரை நாயக்கர் படையைக் கூலிக்கு அழைத்திருந்தார்கள். நாஞ்சில் நாட்டில் அரசுக்கு மதிப்பே இல்லாத நிலை. வரி வாங்குகிற அரசு காவல் தரவில்லை என்று, 1702 முதலே நாட்டார்கள் கூட்டம் கூடி வரி மறுத்துத் தீர்மானம் எழுதியிருக்கிறார்கள். அப்படிப்பட்ட நாட்டை நிலைநிறுத்த வேண்டுமென்றால், உள்ளிருக்கும் பகைவருக்கு வெளியிலிருந்து உதவி வரும் வழிகளை அடைத்துத்தானே ஆக வேண்டும்? பக்கத்து நாடுகளை அவர் தாக்கியது ஆசையால் அல்ல, அச்சத்தால் என்கிறார்கள்.

உள்நாட்டுக் கலகம் உள்நாட்டு நடவடிக்கையை நியாயப்படுத்தும், அதற்குமேல் போகாது. பிள்ளைமாரின் சதி பிள்ளைமாரைத் தண்டிக்கக் காரணம் ஆகலாம். கொட்டாரக்கரை ராணியை விரட்ட அது எப்படிக் காரணம் ஆகும்? கொல்லமும் காயங்குளமும் கைகோத்தன என்பதும் உண்மைதான். ஆனால் இரண்டு அண்டை நாடுகள் கைகோப்பதே அவற்றின்மேல் படையெடுக்கக் காரணம் ஆகாது. 

அச்சம்தான் காரணம் என்றால், அச்சம் நீங்கியதும் படை நின்றிருக்க வேண்டும். 1741இல் டச்சுக்காரர் முதுகெலும்பு ஒடிந்தது. உள்ளே பிள்ளைமார் இல்லை. பிறகாவது நின்றாரா? 1746இல் காயங்குளம் போனது. அடுத்து அம்பலப்புழை, தெக்கும்கூர், வடக்கும்கூர். 1750க்குள் கொச்சியின் எல்லைவரை வந்தாயிற்று. டச்சுக்காரர் வருவதற்கு முன்னும் இதே போக்கு, டச்சுக்காரர் தோற்ற பின்னும் இதே போக்கு. இடையில் வந்துபோன டச்சுக்காரரை இதற்குக் காரணமாக எப்படிச் சொல்ல முடியும்?

4. மிளகுக்காகத்தான் வந்தார்கள்

ஆமாம், மிளகுக்காகத்தான் வந்தார்கள். கொட்டாரக்கரை ராணிமேல் வான் இம்ஹோபுக்கு இரக்கம் எதுவும் கிடையாது. திருவிதாங்கூர் விழுங்கிய ஒவ்வொரு நாட்டோடும் கம்பெனியின் மிளகு ஒப்பந்தமும் போனது. அஞ்சுதெங்கில் கோட்டை கட்டியிருந்த ஆங்கிலேயர் கூடுதல் விலை கொடுத்தார்கள், மிளகு அந்தப் பக்கம் போனது. தங்கள் வியாபாரம் சாய்வதைப் பார்த்துத்தான் டச்சுக்காரர் ராணியின் உரிமையைக் கையில் எடுத்தார்கள்.

உதவிக்கு வந்தவனின் உள்நோக்கம் அவனுடைய குணத்தைத்தான் காட்டும். முதலில் அடித்தவனை அது விடுவிக்காது. பக்கத்து வயலின் வரப்பை ஒருவன் வெட்டித் தன் வயலோடு சேர்த்துக்கொள்கிறான். வயலை இழந்தவனுக்காக வட்டிக்காரன் வந்து சண்டை போடுகிறான், அந்த வயலின் விளைச்சல்மேல் அவனுக்குப் பாக்கி இருப்பதால். வட்டிக்காரன் யோக்கியன் அல்ல என்று ஊரே சொல்லும். அதற்காக வரப்பை வெட்டியவன்மேல் குற்றமில்லை என்று நாஞ்சில் நாட்டில் எந்தப் பிடாகைக் கூட்டம் தீர்ப்புச் சொல்லும்?

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். மிளகு ஆசை டச்சுக்காரருக்கு மட்டும் இருந்ததா? கொட்டாரக்கரையும் கொல்லமும் காயங்குளமும் மிளகு விளையும் நாடுகள், அல்லது மிளகு இறங்கும் துறைகள். அவற்றின்மேல் படையெடுத்தபின், 1743இல் மார்த்தாண்டவர்மா மிளகு வியாபாரத்தை அரசின் ஏகபோகம் ஆக்கினார். விளைவித்தவன் அரசு சொன்ன விலைக்கு அரசிடமே விற்றாக வேண்டும். டச்சுக்காரரை எந்த ஏகபோகத்துக்காகக் குற்றம் சாட்டுகிறோமோ, அதே ஏகபோகம் கை மாறியது. அந்தப் பணத்தில் படையும் கோட்டையும் வளர்ந்தன.

5. ஒரே அளவுகோல் வேண்டாமா?

திப்பு சுல்தான் 1789 டிசம்பரில் திருவிதாங்கூரின் நெடுங்கோட்டை அரணைத் தாக்கியதை இதே வரலாற்றாசிரியர்கள் எப்படி எழுதுகிறார்கள் என்று பாருங்கள். அண்டை நாட்டை விழுங்க வந்த ஆக்கிரமிப்பாளன் என்று எழுதுகிறார்கள். சரியாகத்தான் எழுதுகிறார்கள். திப்புவிடமும் ஒரு காரணம் இருந்தது. கொடுங்கல்லூர், ஆயக்கோட்டை ஆகிய கோட்டைகளைத் திருவிதாங்கூர் அந்த ஆண்டுதான் டச்சுக்காரரிடமிருந்து விலைக்கு வாங்கியிருந்தது. அந்த நிலம் எனக்குக் கப்பம் கட்டும் கொச்சிக்குச் சொந்தம், நெடுங்கோட்டையின் ஒரு பகுதியும் கொச்சி மண்ணில்தான் நிற்கிறது என்று திப்பு சொன்னார். வாதத்தில் கொஞ்சம் பொருளும் இருந்தது. சென்னையின் ஆங்கிலேய கவர்னர் ஹாலந்தே அந்த விற்பனையை ஏற்கவில்லை. இருந்தும் நாம் என்ன சொல்கிறோம்? வாதம் இருக்கலாம், அதற்காக அண்டை நாட்டின்மேல் படையெடுக்கலாமா என்கிறோம். திருவிதாங்கூருக்கு உதவியாகப் பிறகு போரில் இறங்கிய ஆங்கிலக் கம்பெனிக்கு மைசூர்மேல் ஆசை இருந்தது என்பதால் திப்புவை விடுவிக்கிறோமா? இல்லையே.

திப்புவின் இடத்தில் மார்த்தாண்டவர்மாவை வையுங்கள். திருவிதாங்கூரின் இடத்தில் கொட்டாரக்கரையை வையுங்கள். ஆங்கிலேயரின் இடத்தில் டச்சுக்காரரை வையுங்கள். எது மாறியது? ராஜாவின் மதம் மாறியது, அவர் நம் பக்கத்து ராஜா என்பது மாறியது. நிகழ்ச்சியில் எதுவும் மாறவில்லை. திப்பு செய்தால் ஆக்கிரமிப்பு, மார்த்தாண்டவர்மா செய்தால் நாட்டு ஒருமைப்பாடு என்று எழுதுகிறவர்கள், போரை யார் தொடங்கியது என்று ஆராயவில்லை. தங்களுக்குப் பிடித்தவர் யார் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

6. வென்றவர் நியாயவான் ஆவாரா?

ஆசியாவிலேயே முதன்முதலாக ஓர் ஐரோப்பிய வல்லரசை வென்ற போர் என்ற பேச்சை இங்கே கொண்டுவருவார்கள். செய்தியே தவறு. 1662இல் தைவானில் சீனத் தளபதி கொக்சிங்கா இதே டச்சுக் கம்பெனியைச் சரணடைய வைத்து அந்தத் தீவிலிருந்தே வெளியேற்றினார். நமக்குப் பக்கத்தில் கண்டி அரசர்கள் 1594இல் தந்துறையிலும் 1638இல் கன்னொருவையிலும் போர்த்துக்கீசியப் படைகளை முற்றாக அழித்தார்கள். செய்தி சரியாகவே இருந்தாலும்கூட வெற்றி பலத்துக்குச் சான்று, நியாயத்துக்கு அல்ல. டச்சுக்காரருக்கு ஜாவாவிலிருந்து பெரும்படை வராமல் போனதற்கு, 1740இல் படேவியாவில் சீனர்களைக் கொன்று குவித்தபின் அங்கே மூண்ட போரும் ஒரு காரணம். அந்தப் போர் மூளாமல், ஒருவேளை டச்சுக்காரர் வென்றிருந்தால், நியாயம் அவர்கள் பக்கம் போயிருக்குமா?

7. அந்நிய எதிர்ப்புப் போர் என்ற கதை

குளச்சலைச் சுதந்திரப் போரின் முதல் பக்கமாக எழுதுகிறவர்கள் உண்டு. அந்த ஆண்டுகளில் அஞ்சுதெங்கு ஆங்கிலேயர் யார் பக்கம் இருந்தார்கள்? திருவிதாங்கூர் பக்கம். பட்டத்துக்கு வருவதற்கு முன்பே, 1723இல், இளவரசராக இருந்தபோதே மார்த்தாண்டவர்மா அவர்களோடு ஒப்பந்தம் செய்திருந்தார். ஓர் ஐரோப்பியக் கம்பெனியின் வியாபாரத்தை மற்றொரு ஐரோப்பியக் கம்பெனி பிடுங்கிக்கொண்ட கதையும் இந்தப் போருக்குள் இருக்கிறது.

சிறைப்பட்ட டி லனாயைக் கொல்லாமல் வேலைக்கு வைத்துக்கொண்டது மன்னரின் கெட்டிக்காரத்தனம். உதயகிரியும் வட்டக்கோட்டையும் டி லனாயின் கை பட்டவை. 1777இல் இறந்து உதயகிரிக்குள்ளேயே அடக்கமானார், கல்லறையில் லத்தீனிலும் தமிழிலும் எழுத்து இருக்கிறது. மக்கள் அவரை வலிய கப்பித்தான் என்றார்கள். ஆனால் அவர் பழக்கிய படை யாருக்கு எதிராகப் போனது? காயங்குளத்துக்கு, அம்பலப்புழைக்கு, வடக்கும்கூருக்கு. 1753இல் மாவேலிக்கரையில் டச்சுக்காரரோடு உடன்படிக்கை ஆனது. இனி அவர்கள் அண்டை அரசுகளுக்காகத் தலையிடக் கூடாது, திருவிதாங்கூருக்கு ஆயுதம் தர வேண்டும், பதிலுக்கு மிளகு கிடைக்கும். அந்நியனை எதிர்த்த போர் அந்நியனின் துப்பாக்கியால் அண்டை நாட்டைப் பிடிக்கும் உரிமையில் வந்து முடிந்தது.

பிறகு? 1795இலும் 1805இலும் ஆங்கிலேயரோடு செய்துகொண்ட உடன்படிக்கைகள் திருவிதாங்கூரைக் கம்பெனிக்குக் கட்டுப்பட்ட நாடு ஆக்கின. அதை எதிர்த்து எழுந்தவர் நம் தலக்குளத்து வேலுத்தம்பி. 1809இல் கம்பெனிப் படை ஆரல்வாய்மொழி வழியே உள்ளே வந்தபோது, அவருக்குத் துணை நிற்க அண்டை நாடு என்று ஒன்று தெற்கே மிச்சம் இல்லை. எல்லாவற்றையும் எப்போதோ தின்றாயிற்று. அரண்மனையும் அவரைக் கைவிட்டது.

8. குளச்சல்காரனுக்கு யார் பதில் சொல்வது?

டச்சுக் கம்பெனியின் பங்கை நான் குறைத்துப் பேசுவதாக யாராவது நினைத்தால் அது தவறு. குளச்சல் முதல் கோட்டாறு வரையுள்ள ஊர்களில் அவர்கள் செய்ததற்கு எந்த ராணியின் உரிமையும் சமாதானம் ஆகாது. தேங்காய்ப்பட்டணத்திலும் மிடாலத்திலும் கடியபட்டணத்திலும் இருந்த மீனவருக்கும் நெசவாளருக்கும் கொட்டாரக்கரைச் சண்டையில் என்ன தொடர்பு? மிரட்டல், தடை, பேச்சு என்று வேறு வழிகள் இருந்தும், எதிரியின் படையை வடக்கே சந்திக்காமல் அவன் கரையோர மக்களைத் தேடி வந்தது கம்பெனியின் குற்றம். கல்குளத்தை, அதாவது பின்னாளில் பத்மநாபபுரம் எனப் பெயர் பெற்ற தலைநகரை, முற்றுகையிட முயன்றதும் அவர்கள்தான். அந்தப் பொறுப்பு முழுவதும் அவர்களுடையது.

ஆனால் கரை ஏன் காவலில்லாமல் கிடந்தது? திருவிதாங்கூர் படையின் பெரும்பகுதி அப்போது வடக்கே, பிறர் நாட்டில் இருந்தது. டச்சுக்காரர் எளிதாக இறங்கியதும், கல்குளம் வரை வர முடிந்ததும் அதனால்தான். அதற்குச் சற்று முன்பு, 1740இல், கிழக்கிலிருந்து சந்தா சாகிப்பின் படை நாஞ்சில் நாட்டுக்குள் புகுந்து சுசீந்திரம் வரை கொள்ளையடித்திருந்தது. காவல் இல்லை என்று நாற்பது ஆண்டுகளாக முறையிட்டுக்கொண்டிருந்த அதே நாஞ்சில் நாடு, ஒரே சமயத்தில் மலைப்பக்கமும் கடல்பக்கமும் அடி வாங்கியது. அந்த நாட்டின் நெல்லை வரியாக வாங்கியவர்கள், அந்த நாட்டைக் காக்க வேண்டிய படையைக் கொல்லத்திலும் கொட்டாரக்கரையிலும் வைத்திருந்தார்கள். போரைத் தொடங்குகிற ராஜா பொதுவாக அதன் அடியைத் தான் வாங்குவதில்லை. தன் நாட்டின் மற்றொரு மூலையில் இருக்கிற, அந்தப் போரைப் பற்றி ஒன்றும் கேட்கப்படாத மக்களை வாங்க வைக்கிறான்.

இவ்வளவு தெளிவான வரிசை இருந்தும் பழைய கதை ஏன் அசையவில்லை? 1750 ஜனவரியில் மார்த்தாண்டவர்மா தம் நாடு முழுவதையும் பத்மநாபசுவாமிக்கு எழுதிக்கொடுத்துவிட்டுத் தாம் இறைவனின் தாசராக ஆள்வதாக அறிவித்தார். திருப்படிதானம் என்பது அதுதான். அந்த நாளிலிருந்து கொட்டாரக்கரையும் காயங்குளமும் கோயில் சொத்து. அவை எப்படிக் கிடைத்தன என்று கேட்பது சாமியைக் கேட்பதாக ஆகிவிட்டது. 1891இல் வந்த சி.வி. ராமன் பிள்ளையின் நாவல் இளவரசரை வீரநாயகனாகவும் பிள்ளைமாரைக் கொடியவர்களாகவும் மலையாளிகள் மனத்தில் பதித்தது. கேரளத்தில் இப்படி இருப்பது புரிகிறது. நமக்கு என்ன வந்தது? 1954 ஆகஸ்ட் 11இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச்சூட்டுக்கு உயிர் கொடுத்து, 1956 நவம்பர் 1இல் தமிழ்நாட்டோடு சேர்ந்த மாவட்டம் இது. ஆட்சி மாறி இத்தனை ஆண்டுகள் கழிந்தும், திருவிதாங்கூர் அரண்மனைக்குச் சாதகமான வரலாற்றை ஒரு வரி மாற்றாமல் ஒப்பித்துக்கொண்டிருக்கிறோம்.

1741இல் இறந்தவர்கள் யாரும் இனி வரப்போவதில்லை, இதைப் போய் இப்போது எதற்குக் கிளற வேண்டும் என்று கேட்கிறவர்களும் உண்டு. போர் எப்போதும் எதிரி நம் கரையில் இறங்கும் நாளில்தான் தொடங்குகிறது என்று படித்து வளர்கிற பிள்ளை, நாளைக்குத் தன் அரசு அண்டை நாட்டில் செய்வதைக் கணக்கில் சேர்க்கவே மாட்டான். எந்த நாட்டில் போர் மூண்டாலும், முதல் அடி எங்கே விழுந்தது என்று அவன் தேடமாட்டான். தனக்கு வலித்த அடியை மட்டும் முதல் அடி என்பான். இந்தப் பழக்கத்தின் விலை என்ன என்பது, கடலின் அந்தப் பக்கம் இலங்கையில் கால் நூற்றாண்டுக்கும் மேலான போரைப் பார்த்த தமிழருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அங்கேயும் ஒவ்வொரு தரப்பும் தனக்கு வசதியான ஆண்டிலிருந்துதான் கணக்கைத் தொடங்கியது.

ஆகவே என் தீர்ப்பு இது. 1730களில் கொல்லத்தின்மேலும் காயங்குளத்தின்மேலும் கொட்டாரக்கரையின்மேலும் படையெடுத்த மார்த்தாண்டவர்மாவே இந்தப் போரைத் தொடங்கினார். தன் மிளகுக்காக அதில் நுழைந்து, அதைக் குளச்சல் கரைக்குக் கொண்டுவந்து, அந்தக் கரையைச் சூறையாடியது டச்சுக் கம்பெனி. முதல் பொறுப்பு அவருக்கு, குளச்சலின் அழிவுக்குப் பொறுப்பு கம்பெனிக்கு. இந்த மாவட்டத்தில் வரலாறு கற்பிக்கும் ஆசிரியர்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. குளச்சல் போரைப் பாடமாக நடத்தும்போது வெற்றித்தூணிலிருந்து தொடங்காதீர்கள். கொட்டாரக்கரையிலிருந்து தொடங்குங்கள். நாடிழந்த அந்த ராணியைப் பற்றி ஐந்து நிமிடமாவது பேசிவிட்டு, பிறகு பிள்ளைகளைக் கடற்கரைக்கு அழைத்துப் போங்கள்.